தகுதிப் பட்டியலில் ஒரு சொல்

எம்.சி.ஏ. சேர என்ன தகுதி என்று எங்கள் வளவனூரில் யார் கேட்டாலும் இரண்டு நிமிடத்தில் பதில் சொல்லிவிடலாம். ஒரு இளநிலைப் பட்டம், அதில் 50 சதவீத மதிப்பெண், இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 45. பிளஸ் டூவிலோ பட்டப்படிப்பிலோ கணிதம் படித்திருக்க வேண்டும். பிறகு அண்ணா பல்கலைக்கழகம் நடத்தும் டான்செட் நுழைவுத் தேர்வு. மூன்று வருடமாக இருந்த படிப்பு 2020-21 முதல் இரண்டு வருடமாகிவிட்டது. இதெல்லாம் விளம்பரத்திலேயே இருக்கும். நான் சொல்ல நினைப்பது, அதில் ஒற்றைச் சொல்லாக வந்துபோகும் கணிதத்தைப் பற்றி.

எனக்குக் கணக்கென்றால் பயம். விழுப்புரத்தில் பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்த நாட்களில், லேப்பில் புரோகிராம் ஓடி விடை வந்தால் போதும், அதுதான் கம்ப்யூட்டர் என்று இருந்தேன். பாஸ் மார்க் வாங்க அது போதுமானதாகவும் இருந்தது.

கடைசி வருடத்தில் எங்கள் சார் ஒருநாள் போர்டில் எதுவும் எழுதாமல் ஒரு கேள்வி கேட்டார். கல்யாண மண்டபத்தில் பலர் கைகுலுக்கிக்கொள்கிறார்கள். சிலர் ஒருமுறை, சிலர் ஏழுமுறை, சிலர் கைகொடுக்கவே இல்லை. ஒற்றைப்படை முறை கைகுலுக்கியவர்களை மட்டும் எண்ணினால், அந்த எண்ணிக்கை ஒற்றைப்படையாக வர முடியுமா? நாங்கள் சின்னச் சின்ன உதாரணம் போட்டுப் பார்த்தோம். ஒவ்வொரு தடவையும் இரட்டைப்படைதான் வந்தது. "ஆயிரம் பேர் வந்தாலும் இப்படித்தான் வரும்னு எப்படிடா சொல்லுவ?" என்றார்.

பிறகு அவரே அவிழ்த்தார். ஒரு கைகுலுக்கல் இரண்டு பேர் கணக்கில் ஏறும். ஆகவே எல்லோருடைய கணக்கையும் கூட்டினால் மொத்தம் இரட்டைப்படை. அதில் இரட்டைப்படைக்காரர்களைக் கழித்தாலும் மிச்சம் இரட்டைப்படைதான். ஒற்றைப்படை எண்களைக் கூட்டி இரட்டைப்படை வர வேண்டுமென்றால், அவை இரட்டைப்படை எண்ணிக்கையில்தான் இருந்தாக வேண்டும். ஒரு சூத்திரம் இல்லை, ஒரு வரி மனப்பாடம் இல்லை. ஆட்களைப் புள்ளியாகவும் கைகுலுக்கலைக் கோடாகவும் வரைந்தால் அது ஒரு கிராஃப். ரயில் பாதையும் இன்டர்நெட்டும் அதே படம்தான். அன்றைக்குத்தான் எனக்குப் பயம் விட்டது.

புதுச்சேரியில் எம்.எஸ்சி. படிக்கும்போது இப்படி நிரூபிப்பதன் அருமை இன்னும் புரிந்தது. முதுகலையில் கேள்வியே வேறு. எண்களை ஒன்றோடொன்று ஒப்பிட்டு வரிசைப்படுத்தும் எந்த முறையும் ஓர் எல்லைக்கு மேல் வேகமாக முடியாது என்கிறார்கள். எத்தனை புரோகிராம் எழுதி ஓட்டினாலும் இதைக் காட்ட முடியாது, நிரூபிக்கத்தான் வேண்டும். எந்த இயந்திரத்தாலும் தீர்க்க முடியாத கணக்கு உண்டு என்பதை ஆலன் டூரிங் 1936-லேயே நிறுவிவிட்டார். இன்றைய கம்ப்யூட்டர் அப்போது பிறக்கவே இல்லை. எனக்கு இன்னும் சிலிர்ப்பு அடங்காத விஷயம் இது.

நுழைவுத் தேர்வுகளும் கணிதத்தைத்தான் கேட்கின்றன. என்.ஐ.டி.களில் எம்.சி.ஏ. படிக்க எழுதும் நிம்செட்டில் பாதிக்கு மேல் மதிப்பெண் கணிதத்துக்கு. பட்டப்படிப்பில் கணிதமோ புள்ளியியலோ ஒரு பாடமாக இருக்க வேண்டும் என்பதும் அங்கே விதி. எம்.டெக். சேர எழுதும் கேட் தேர்வைப் பி.இ. பிள்ளைகள் மட்டுமே எழுதலாம் என்று நம் பக்கம் பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை, பி.எஸ்சி. மூன்றாம் வருடத்திலேயே எழுதலாம், மதிப்பெண் மூன்று வருடம் செல்லும். எம்.டெக். இடம் தரும்போது எந்தப் பட்டத்தை ஏற்பது என்பது அந்தந்த நிறுவனத்தின் முடிவு, அதைத் தனியாகப் பார்க்க வேண்டும். சிறுசேரியில் உள்ள சென்னை கணிதவியல் கழகத்தில் எம்.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ் இருக்கிறது. அந்தப் பெயரே நம் ஊர்க் கல்லூரிகளில் காதில் விழுவதில்லை, அது எனக்குப் பெரிய ஆதங்கம். வெளிநாடு போக நினைப்பவர்களுக்கு வேறு தடை: அமெரிக்காவில் பல பல்கலைக்கழகங்கள் நான்கு வருடப் பட்டம் கேட்கும், மூன்று வருட பி.எஸ்சி. மட்டும் அங்கே போதாது.

போன மாதம் பக்கத்துத் தெருப் பெண் வந்தாள். காமர்ஸ் குரூப் எடுத்துவிட்டு பி.சி.ஏ. இரண்டாம் வருடம் படிக்கிறாள். "அண்ணா, பிளஸ் டூல மேத்ஸ் இல்ல, எனக்கு எம்.சி.ஏ. கிடைக்காதா?" என்றாள். மார்க் ஷீட்டை வாங்கிப் பார்த்தேன். டிஸ்கிரீட் மேத்ஸ் ஒரு பேப்பர் இருந்தது, 71 மார்க். "இந்தப் பேப்பர் உனக்குக் கைகொடுக்கும்மா. ஒவ்வொரு நோட்டிபிகேஷன்லயும் கணிதம் பத்தி என்ன போட்டிருக்குன்னு பார்த்து எழுதிட்டு வா, ஞாயித்துக்கிழமை உக்காந்து பார்ப்போம்" என்று சொல்லி, கல்யாண மண்டபக் கேள்வியையும் கொடுத்து அனுப்பினேன்.