தீவைப் பூட்டிவிட்டுப் போனவர்கள்

ஸ்காட்லாந்தின் மேற்கே ஹெப்ரிடீஸ் தீவுகள் வரிசையாகக் கிடக்கின்றன. அவற்றையும் தாண்டி அட்லாண்டிக் சமுத்திரத்தில் சுமார் 40 மைல் சென்றால், அலைகளுக்கு நடுவே சில பாறை மலைகள் செங்குத்தாக எழும்பி நிற்பதைக் காணலாம். செயின்ட் கில்டா என்பது அந்தத் தீவுக் கூட்டத்தின் பெயர். மக்கள் வாழ்ந்த பெரிய தீவான ஹிர்ட்டாவின் பரப்பு இரண்டரைச் சதுர மைல்தான். ஆனால் அதன் சிகரமோ 1,400 அடி உயரம்! மருந்துக்குக்கூட அங்கே மரம் கிடையாது.

இங்கேயும் மனிதர்கள் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் குடித்தனம் நடத்தினார்கள் என்றால் நம்புவீர்களா?

பறவைகள்தான் அவர்களுக்குப் படியளந்தன. ஆண்கள் இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு மலைச் சரிவில் இறங்கி, கடற்பறவைகளையும் முட்டைகளையும் கொண்டு வருவார்கள். மாமிசம் சாப்பாட்டுக்கு, எண்ணெய் விளக்குக்கு, இறகு நிலச் சொந்தக்காரருக்கு வாடகை! மாமிசத்தைக் காற்றாட உலர்த்தி வைக்க, கல்லை அடுக்கிக் கட்டிய குடில்கள் ஆயிரத்துக்கு மேல் இருக்கின்றன. தினமும் காலையில் ஆண்கள் வீதியில் கூடி, அன்றைய வேலை என்ன என்று பேசி முடிவு செய்வார்கள். அதற்குப் 'பார்லிமெண்ட்' என்று பெயர்! பெண்கள் பசுக்களைக் கறந்தார்கள், பறவைகளின் இறகு பறித்தார்கள், ஓயாமல் கம்பளி பின்னினார்கள்.

தபால் அனுப்பும் விதமோ இன்னும் வேடிக்கை. கடிதத்தைச் சிறு மரத் தோணியில் வைத்து, ஆட்டின் மூத்திரப் பையை ஊதி மிதவையாகக் கட்டிக் கடலில் விட்டு விடுவார்கள். அது ஸ்காட்லாந்தில் கரை ஒதுங்கும். சில சமயம் நார்வேக்கே போய்விடும்!

புயலும் குளிரும் அவர்களை விரட்டவில்லை. தாய்மார்களின் கண்ணீரைத்தான் தாங்க முடியவில்லை. சென்ற நூற்றாண்டுக்கு முந்தைய நூற்றாண்டில், அங்கே பிறந்த குழந்தைகளில் பாதிக்கு மேல் இரண்டு வாரம்கூட உயிர் தரிக்கவில்லை. பச்சிளங் குழந்தைகளைப் பிடிக்கும் இசிவு நோய்தான் காரணம். தொட்டிலைத் தயார் செய்யவே தாய்க்கு மனம் துணியுமா? 1890-களில் ஆங்கஸ் ஃபிடஸ் என்ற பாதிரியார் கிருமிநாசினி முறையைக் கொண்டு வந்த பிறகே அந்தக் கொடுமை ஓய்ந்தது.

ஆனால் அதற்குள் ஜனத்தொகை கரையத் தொடங்கிவிட்டது. 1852-ல் 36 பேர் ஆஸ்திரேலியாவுக்குக் கப்பல் ஏறினார்கள். பலர் வழியிலேயே மாண்டார்கள். முதல் உலக யுத்தத்துக்குப் பிறகு வாலிபர்கள் ஒவ்வொருவராக வெளியேறினார்கள். கயிறு பிடிக்கவும் துடுப்பு வலிக்கவும் கை போதவில்லை. நோய் வந்தால் டாக்டர் கடலுக்கு அப்பால்!

1930-ம் வருஷம் மே மாதம், எஞ்சியிருந்தவர்கள், "எங்களை இங்கிருந்து அழைத்துப் போங்கள்" என்று சர்க்காருக்கு மனு எழுதினார்கள். அதே வருஷம் தீவின் இளம் தாய் ஒருத்தி, பிரசவத்துக்குப் பின் கிளாஸ்கோ ஆஸ்பத்திரியில் கண்ணை மூடினாள்.

ஆகஸ்ட் 29. கப்பல் காத்திருந்தது. கூட்டிப் போக வழியில்லாத நாய்களை முன்னதாகவே கடலில் மூழ்கடித்துவிட்டார்கள். ஒவ்வொரு வீட்டிலும் பைபிளைத் திறந்து வைத்து, பக்கத்தில் ஒரு சிறு குவியல் ஓட்ஸ் தானியம் வைத்து, கதவைப் பூட்டினார்கள். பிறகு 36 பேரும் கப்பல் ஏறினார்கள்.

கரையில் சிலருக்குக் கிடைத்த உத்தியோகம் என்ன தெரியுமா? வனத்துறை வேலை! மரமே பார்த்து வளராதவர்களுக்கு மரம் வளர்க்கும் வேலை.

அந்த முப்பத்தாறு பேரில் கடைசியானவர், எட்டு வயதில் தீவை விட்டவர், 2016-ல் தம் 93-ம் வயதில் காலமானார். 1986-ல் யுனெஸ்கோ அத்தீவை உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றது. கோடையில் உல்லாசப் பயணிகள் படகில் வருகிறார்கள். கூரையிழந்த வீடுகளைச் சுற்றி ஆடுகள் மேய்கின்றன. பறவைகள் இலட்சக்கணக்கில் கூடு கட்டுகின்றன.

வேளா வேளைக்கு ஒரு டாக்டர், ஒரு படகு. அது மட்டும் இருந்திருந்தால், அந்த வீதியில் இன்றைக்கும் அடுப்பு புகைந்துகொண்டிருக்குமோ என்னவோ!