கிண்டியில் இரலை பார்த்தல்

சென்னைக்குள் ஒரு தேசியப் பூங்கா இருக்கிறது என்று மாணவர்களிடம் சொன்னால், சிறுவர் பூங்காவைத்தானே சொல்கிறீர்கள் என்பார்கள். கிண்டி தேசியப் பூங்கா அதற்கும் அப்பால், ஆளுநர் மாளிகையையும் ஐ.ஐ.டி. வளாகத்தையும் ஒட்டி, சுமார் 2.7 சதுர கிலோமீட்டர் பரப்பில் விரிந்து கிடக்கிறது. 1978இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட இக்காட்டின் உட்பகுதிக்குச் செல்ல வனத்துறையின் அனுமதி வேண்டும். அது கிடைக்கும் நாட்களில் தமிழ்த்துறை நண்பர்கள் நால்வர் விடியலிலேயே போய்விடுவோம்.

அங்கே எங்களுக்கு மிகவும் பிடித்தது சும்மா நிற்பதுதான். புல்வெளியின் ஓரத்தில் பேசாமல் நின்றால், சிறிது நேரத்தில் வெளிமான்கள் எங்களைப் பொருட்படுத்தாமல் மேயத் தொடங்கும். முறுக்கிய கொம்புகளுடன் கருநிற ஆண் தலைநிமிரும்போது, முல்லைத்திணைப் பாடல்களை நடத்துகையில் ‘இரலை’ என்று பொருள் மட்டும் சொல்லிக் கடந்துபோகும் விலங்கு இதுவே என்ற வியப்பு ஒவ்வொரு முறையும் எழுகிறது.

புள்ளிமானுக்கு மரநிழல் உகந்தது. இரலையோ ஆபத்தைத் தொலைவிலேயே கண்டு ஓடிப் பிழைப்பது. அதற்குத் திறந்த புல்வெளி வேண்டும். வெளிமான் என்ற பெயரிலேயே வெளி இருக்கிறது. ஆகவே பசுமை என்றால் மரம் நடுவதே என்னும் நம் நல்லெண்ணம் இங்கே தீங்காகவும் முடியலாம். வெற்றிடமென்று எண்ணிப் புல்தரையை மரங்களால் நிரப்பிவிட்டால், இந்நகரில் இரலைக்கு வேறு புகலிடம் அரிது. அனுமதி பெற்றுச் செல்லும் அன்பர்கள் மரங்களோடு அந்தப் புல்லையும் சற்று நின்று பார்த்து வரவேண்டும்.