பின்னால வாறவனுக்கும் ஒரு பம்பர்

2020 மார்ச்சில் நிறுத்தின வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் தனியார் வாகனங்களுக்குத் திரும்பத் திறந்தது. அந்த ஐந்து வருசமும் எங்கட ஊரில் பழைய வாகனம், புது வாகனம் எண்ட பேச்சே இல்லை. ஓடுற வாகனம், ஓடாத வாகனம் எண்ட ரெண்டு வகைதான். பெரியப்பாவின் ஹைலக்ஸ் டபுள் கப் முதலாவது வகை. தொண்ணூறுகளில் செய்த வண்டி. உரமூட்டை, விதைநெல், மருந்துத் தாங்கி, அருவி வெட்டு நேரத்தில் ஆக்கள் என்று கிளிநொச்சி வயல்களுக்குள் இன்னும் ஓடுது. பின் பம்பர் மட்டும் கறள் தின்று, கட்டுக்கம்பியில் தொங்கிக்கொண்டிருந்தது. அதைக் கழற்றிப்போட்டு, இரும்பில் புதுசாக ஒன்று அடிப்பது என்று முடிவெடுத்தோம். அளவெடுத்துப் படம் கீறும் வேலை என்னுடையது.

பெரும்போகத்து மாரியில் வயல் பாதையில் வண்டி புதையும். அப்ப உதவிக்கு வாற ஆள் கயிற்றைக் கண்ட இடத்தில் கொழுவுவார்: அக்சிலில், வில்லுத் தகட்டில், கூடுதலாக ரெயிலர் கொழுவுற உருண்டையில். இந்த உருண்டை ஆபத்தானது. அது ஓடுற ரெயிலரைச் சீராக இழுக்கச் செய்தது. புதைந்த வண்டியை உழவு இயந்திரம் வெட்டி இழுக்கும்போது வரும் விசை அதைவிடப் பல மடங்கு. கழுத்தில் முறிந்தால் அந்த உருண்டை, இழுபட்டு நிற்கிற கயிற்றோடு சேர்ந்து குண்டு மாதிரிப் பறக்கும். வெளிநாடுகளில் ஆக்கள் இப்படிச் செத்திருக்கினம். ஆகவே எங்கட பம்பரின் முதல் வேலை அழகில்லை. வண்டியைப் பிடித்து இழுக்க ஒழுங்கான இடம் ஒன்று வேணும்.

வெல்டிங் கடை அண்ணை தொழில் பழகினது தொண்ணூறுகளில். இரும்பு, பெற்றோல், பற்றரி ஒன்றும் வடக்குக்கு வராத காலம். கார்களை நாலு துளி பெற்றோலில் ஸ்ராட் பண்ணி மண்ணெண்ணெயில் ஓட்டின ஆக்களின் கதையை நீங்களும் வீட்டில் கேட்டிருப்பீர்கள். அந்தக் காலம் அவரின் கையில் இன்னும் இருக்கு. "என்ன வாங்கோணும்?" என்று அவர் கேட்கமாட்டார். "என்ன கிடக்கு?" என்றுதான் கேட்பார். கடைக்குப் பின்னால் கிடந்த பழைய தகட்டில் கிரைண்டரை வைத்துப் பொறியைப் பார்த்தார்.

"பாருங்கோ தம்பி, பொறி நீட்டாப் போகுது. இது மெல்லிரும்பு, ஒட்டலாம். பொறி பூ மாதிரி வெடிச்சா கரி கூடின இரும்பு. சும்மா ஒட்டினா ஆறேக்க வெடிக்கும்."

எனக்குப் படத்தில் எல்லாத்தையும் தடிப்பாகக் கீறத்தான் ஆசை. ஆனால் கணக்குப் பார்த்தால் வேறு மாதிரி இருக்கு. 5 மில்லிமீற்றர் தகடு சதுர மீற்றருக்கு ஏறத்தாழ 39 கிலோ. 3 மில்லிமீற்றர் எண்டால் 24 கிலோவுக்குக் கிட்ட. அந்தப் பாரம் எங்கே தொங்குது என்பதும் முக்கியம். இந்த வண்டியில் முன் சில்லுக்கும் பின் சில்லுக்கும் நடுவில் 2.85 மீற்றர். பின் அக்சிலுக்கு 1.2 மீற்றர் பின்னால் 50 கிலோவைத் தூக்கினால், பின் சில்லுகளில் ஏறுவது 50 இல்லை, 71 கிலோ. மிச்ச 21 கிலோ முன் சில்லுகளில் இருந்து கழியும். சீசோப் பலகை மாதிரித்தான். சேற்றில் திருப்புகிற நேரம் முன் சில்லுக்குப் பாரம் தேவை. அதனால் உடம்புக்கு 3 மில்லிமீற்றர், இழுக்கிற கொளுக்கிகள் இருக்கிற இடத்துக்கு மட்டும் 12 மில்லிமீற்றர் என்று தீர்மானித்தோம். கீழ் விளிம்பைப் பின்பக்கமாக மேலே சரித்தோம். இல்லாவிட்டால் வாய்க்கால் வரம்பால் இறங்கும்போது பம்பர்தான் முதலில் மண்ணைக் கிண்டும்.

கொளுக்கித் தகடு ரெண்டும் பம்பர் முகத்தில் ஒட்டியிருக்கக் கூடாது. முகத் தகட்டை ஊடறுத்துப் போய், சேசிஸோடு பூட்டுகிற தாங்கியில் நேராக ஒட்டவேணும். அப்பதான் இழுவை சேசிஸுக்குப் போகும், இல்லையெண்டால் தகடு உரிந்துகொண்டு வரும். தாங்கியைச் சேசிஸில் ஒட்டச் சொல்லி நிறையப் பேர் சொன்னார்கள். அண்ணை ஒத்துக்கொள்ளவில்லை. ஏற்கெனவே இருக்கிற ஓட்டைகளில் போல்ற் பூட்டினார். சேசிஸைச் சூடாக்கினால் ஒட்டின இடத்துக்குப் பக்கத்தில் பலம் குறையும், வெடிப்பும் அங்கேதான் தொடங்கும். போல்றின் தலையில் 8.8 என்று இருக்கோ என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார். முதல் 8, அறுவதற்கு முன் 800 மெகாபஸ்கால் வரை தாங்கும் என்பது. புள்ளிக்குப் பின்னால் உள்ள 8, அதில் 80 வீதம் வரை இழுத்தாலும் பழைய நீளத்துக்குத் திரும்பும் என்பது. எண் இல்லாத போல்றை அவர் கூரைக்கு வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார்.

ஒட்டுவதில் நான் எதிர்பார்க்காத விசயம் பொறுமை. ஒரு மூலையில் தொடங்கி மற்ற மூலை வரை ஒரே இழுவையில் ஒட்டினால், ஆறும்போது இரும்பு சுருங்கித் தகடு வாழைப்பழம் மாதிரி வளையும். ஆகவே முதலில் அங்கங்கே பொட்டு வைத்தார். பிறகு இடப்பக்கம் ஒரு விரலளவு, வலப்பக்கம் ஒரு விரலளவு, நடுவில் ஒரு தேத்தண்ணி. அடியில் நாலு ஓட்டை போட்டார். சேறும் தண்ணியும் உள்ளே நின்றால் வெளியில் எத்தனை பூச்சுப் பெயின்ற் அடித்தும் கறள் உள்ளுக்குள் இருந்து வரும்.

கடைசியாக மூலைகள். இதில்தான் சண்டை வந்தது. ஒன்றைவிட்ட தம்பி தொலைபேசியில் ஒரு படத்தைக் காட்டினான். வெட்டின மாதிரிக் கூரான மூலை, ரெண்டு பக்கமும் வண்டியைவிட வெளியில் நீட்டிக்கொண்டு. பார்க்க உண்மையிலேயே நல்ல வடிவு. அண்ணை ஒன்றும் சொல்லாமல் தன்ர மோட்டார் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்து பம்பருக்குப் பக்கத்தில் நிறுத்தினார். "ஏறி இரும்" என்றார். தம்பி ஏறியிருந்தான். மூலை அவன்ர முழங்காலுக்கு நேரே நின்றது.

"இரவில லைற் இல்லாத ரோட்டில உன்னை முந்திப் போறவனுக்கு இதுதான்" என்றார். "வண்டிக்கு ஒண்டும் நடக்காது. அவன்ர கால் போயிடும்."

இதற்குப் பிறகு பேச என்ன இருக்கு? தொழிற்சாலையில் வாற பம்பர் நசுங்குவது அது மலிவு என்பதால் மட்டுமில்லை. இடியின் விசையில் கொஞ்சத்தை அது தானே வாங்கிக்கொள்ளும். இரும்புப் பம்பர் நசுங்காது. அதனால் அந்த விசை முழுக்க இடிபடுகிறவருக்கும், சேசிஸ் வழியாக வண்டிக்குள் இருக்கிறவருக்கும் போகும். நாங்கள் 'பலம்' என்று சொல்வது பல நேரம் வேறொருவரின் எலும்பைத்தான். கார்களுக்கான ஐ.நா.வின் 26ஆம் இலக்க வாகன ஒழுங்குவிதி, வெளிவிளிம்புகளின் வளைவு 2.5 மில்லிமீற்றர் ஆரையைவிடக் குறையக் கூடாது என்றும், பம்பர் நுனிகள் உடம்புப் பக்கம் திரும்பியிருக்கவேணும் என்றும் சொல்லுது. அண்ணை அதை வாசித்ததில்லை. ஆனால் அவர் மூலைகளை ஒரு குழாயில் வைத்து வளைத்து உள்ளே திருப்பினதும், விளிம்பு முழுக்கக் கையால் தடவித் தடவி அராவினதும் அதே காரணத்துக்குத்தான்.

2025 ஜனவரியில் பஸ், ஓட்டோக்களில் மேலதிகமாகப் பூட்டினதுகளைக் கழற்றச் சொல்லிப் பொலிஸார் இறங்கினபோது, "எங்கட காசு, எங்கட வண்டி, உங்களுக்கென்ன?" என்று நண்பர்கள் கொதித்தார்கள். எனக்கும் சோடனை பிடிக்கும். ஆனால் ரோட்டுக்கு வந்த பிறகு வண்டியின் வெளிப்பக்கம் எங்களுடையது மட்டுமில்லை. அது பக்கத்தில் போறவருக்கும் சொந்தம்.

நீங்களும் ஒன்று அடிக்க யோசித்தால், வெல்டிங் கடைக்குப் போகமுதல் மூன்றைக் கேட்டுப் பாருங்கள். இழுக்கிற விசை கடைசியில் எதில் போய் நிக்குது? பாரம் எங்கே தொங்குது? மூலைக்கு நேரே ஆர்? இலக்கத்தகடும் லைற்றும் மறையக் கூடாது என்பது சொல்லாமலே தெரியவேணும். எங்கட பம்பரில் ரெண்டு மூலையிலும் சிவப்பு ஒளித்தெறிப்பான் பூட்டியிருக்கு. முழுச் செலவிலும் ஆகக் குறைந்த காசு போனது அதுக்குத்தான்.