கால் சுற்று தள்ளி

விமானிகள் மீது எனக்கு நெடுநாள் பொறாமை இருந்தது. மலேசியாவில், ஜாசின் பக்கத்துப் பால்மரத் தோட்டத்தில், லயத்து வீட்டில் வளர்ந்தவன் நான். மேலே நூரி ஹெலிகாப்டர் இரைந்துகொண்டு போனால், அதை ஓட்டுகிறவனாகத்தான் என்னை நினைத்துக்கொள்வேன். ஆகாயப் படையில் சேர்ந்தபோது கைக்குக் கிடைத்தது ஸ்பேனர். 1968 முதல் அரை நூற்றாண்டு நாட்டுக்கு உழைத்த அந்த நூரியின் சுழலித் தலைதான் என் பொறாமையைத் தீர்த்தது.

சுற்றுகிற பொருளைத் தள்ளினால், தள்ளிய இடத்தில் அது சாயாது. சுற்றும் திசையில் கால் சுற்று தள்ளித்தான் சாயும். நூரியின் ஐந்து இறக்கைகளும் மேலிருந்து பார்த்தால் இடஞ்சுழியாக, நிமிடத்துக்குச் சுமார் 200 முறை சுற்றும். மூக்கு தாழ வேண்டுமென்றால் இறக்கையின் கோணம் இடப்பக்கத்தில் கூட வேண்டும், வலப்பக்கத்தில் குறைய வேண்டும். இடப்பக்கம் கூடுதல் தூக்குவிசை பெற்ற இறக்கை, வாலுக்கு மேல் வரும்போதுதான் உச்சிக்கு ஏறியிருக்கும். இதற்கு ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்குகூட ஆகாது.

லீவில் வந்தபோது அப்பாவின் சைக்கிள் முன்சக்கரத்தைக் கழற்றினேன். அச்சின் ஒரு முனை மேலேயும் மறுமுனை கீழேயுமாக அவரைப் பிடிக்கச் சொல்லி, சக்கரத்தை இடஞ்சுழியாகச் சுழற்றிவிட்டேன்.

"இப்ப முன்னால சாய்ங்கப்பா."

உளி பிடித்துக் காய்த்த கைகள் முன்னால் தள்ள, சக்கரம் இடப்பக்கம் இழுத்தது.

"என்னடா இது, நான் ஒரு பக்கம் தள்ளுனா இது ஒரு பக்கம் போவுது!" விடாமல் திரும்பத் திரும்பச் சாய்த்துப் பார்த்தார். "அப்ப ஓட்டுறவரு பக்கவாட்டுலதான் தள்ளணுமா?"

அந்தக் கேள்விக்குள்தான் என் வேலை இருந்தது. விமானி கட்டுப்பாட்டுத் தண்டை முன்னால் தள்ளினால் போதும். அந்தத் தண்டுக்கேற்பச் சாயும் ஸ்வாஷ்பிளேட் என்ற தட்டும் அதிலிருந்து இறக்கைகளுக்கு ஏறும் கம்பிகளும் அந்தக் கால் சுற்றுக்குத் தக்கபடியே அமைந்தவை. ஒரு கம்பியின் நீளம் இம்மி பிசகினாலும் அந்த இறக்கை மற்றவற்றின் தடத்தை விட்டு விலகும், ஹெலிகாப்டரே உதறும். அந்த நீளத்தைச் சரிபார்ப்பது எங்கள் பொறுப்பு. அப்பாவுக்கு அதைச் சொன்னபோது எனக்குப் பெருமையாக இருந்தது.

இறக்கைகள் கீலில் மேலும் கீழும் அசைவதால், சைக்கிள் சக்கரத்தின் விதி அப்படியே பொருந்தாது. கீல் நடுவிலிருந்து தள்ளியிருந்தால், கால் சுற்றான 90 பாகை சற்றுக் குறையும். பயிற்சிக்கு வரும் பிள்ளைகளுக்கு முதல் நாளே இதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்பேன்.

நூரிக்கு முன்பே நம் படையில் இருந்த பிரெஞ்சு அலுவெட் வலஞ்சுழி. அதில் இடம் வலமாகும், விமானியின் கால்பெடல் பழக்கமும் மாறும். தண்டை முன்னால் தள்ளினால் அதுவும் முன்னால்தான் போகும்.