பத்தே கால் மணி

நவம்பர் 4

நேற்று ராத்திரி அறுபது பெண்கள் விடுதி வாசலில் உட்கார்ந்துவிட்டார்களாம். சோற்றுக்காக அல்ல, வைஃபைக்காக. விடுதி முதலாளி போனில் மூச்சு வாங்கினார். அவர் பயம் எனக்குப் புரிந்தது. 2021 டிசம்பரில் இதே வட்டாரத்தில், விடுதிச் சாப்பாடு ஒத்துக்கொள்ளாமல் ஆஸ்பத்திரிக்குப் போன தோழிகள் செத்துவிட்டதாக வதந்தி பரவி, பெண்கள் பெங்களூர் நெடுஞ்சாலையை மறித்தார்கள். யாரும் மறக்கவில்லை.

104 அறை, அறைக்கு ஆறு கட்டில், மொத்தம் 624 பேர். வராந்தாக்களில் 12 ஏ.பி., அதாவது வைஃபை தரும் பெட்டிகள், மாட்டியிருக்கிறார்கள். நேரில் போனதும் முதலாளி அதன் அட்டைப்பெட்டியை நீட்டினார். "ஒண்ணு 512 பேரைத் தாங்கும்னு போட்டிருக்கான். ஆறாயிரம் பேருக்கு வாங்கியிருக்கேன். அறுநூறு தாங்கலையா?"

மண்டபத்துக்குள் 512 பேர் நிற்கலாம் சார், பரிமாறுகிறவன் ஒருத்தன்தான் என்றேன். ஒரு சேனலில் ஒரு நேரத்தில் ஒருவர் பேசினால்தான் காதில் விழும். மற்ற போன்கள் மௌனம் வரும்வரை காத்திருக்கும். அதிலும் கோடியில் உட்கார்ந்த பழைய போன் ஒன்று மெதுவாக மென்றுகொண்டிருந்தால் பந்தியே நகராது. அவர் தலையை ஆட்டினார். பந்தி புரிந்தது, பில் புரியவில்லை.

நவம்பர் 5

பத்தே கால். மதிய ஷிப்ட் பஸ்கள். எட்டு மணி நேரம் லாக்கரில் கிடந்த போன்கள் ஒன்றாக விழிக்கின்றன. பத்து இருபதுக்கு எல்லாம் படுத்துவிட்டது.

நவம்பர் 9

பாதிக் கோளாறு ஏ.பி.யில் இல்லை! முகவரி கொடுக்கிற பெட்டியில் இருந்ததே 254 முகவரி. ஒரு போனுக்குக் கொடுத்தால் 24 மணி நேரம் அதற்கே. வேலைக்குப் போன பெண்ணின் முகவரி இங்கே சும்மா கிடக்க, வந்த பெண் வெளியே நிற்கிறாள். எண்ணிக்கையை 1,022 ஆக்கி, கெடுவை ஒரு மணி நேரமாகக் குறைத்தேன். வேலை முடிந்தது என்று நினைத்துக்கொண்டு ஒரகடம் முனையில் இரண்டு டீ குடித்தேன்.

நவம்பர் 10

முன்பைவிட மோசம். நேற்றுவரை உள்ளே வர முடியாதவர்களும் வந்துவிட்டார்கள்.

நவம்பர் 12

வார்டன் மேடத்தோடு இரவு பத்து மணிக்கு லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு நான்கு மாடியும் நடந்தேன். எந்த இடத்தில் எத்தனை போன், எவ்வளவு நெரிசல் என்று வரைபடம் எடுக்க. அறைகள் வெளிறிக் கிடந்தன. சிவப்பு எல்லாம் படிக்கட்டுத் திருப்பத்திலும், துணி காயப்போடுகிற இடத்திலும், மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னாலும்.

மேடத்தைக் கீழே யாரோ கூப்பிட்டார்கள். படியில் இருந்த ஒரு பெண், போளூர்ப் பக்கமாம், போனை மடியில் கவிழ்த்துவிட்டுக் கேட்டாள்.

"ரூமுக்கா மாட்டப் போறீங்கண்ணா?"

"ஆமாம்மா."

"ரூம்ல வேணாம்ணா. ஆறு பேர் இருக்கோம்ல."

அவ்வளவுதான் சொன்னாள். அப்புறம் அம்மா லைனில் இருக்கிறாள் என்று திரும்பிக்கொண்டாள்.

நவம்பர் 15

கணக்கு நேராக இருக்கிறது. பெரிதாகப் பன்னிரண்டு வேண்டாம், சிறிதாக நிறைய வேண்டும். இரண்டு அறைக்கு ஒன்று என்றால் 52. இப்போது ஒன்றின் தலையில் 52 பேர், அப்போது 12 பேர். வராந்தா ஒரு குழாய் மாதிரி. அங்கே மாட்டினால் ஒரு ஏ.பி.யின் சத்தம் அடுத்ததன் காதில் விழுகிறது. அறைக்குள் வைத்தால் சுவரே வேலி. பவரைக் குறைக்க வேண்டும். 2.4 கிகாஹெர்ட்ஸில் இடிக்காத சேனல் 1, 6, 11 என்று மூன்றே மூன்று. அதனால் 5 கிகாஹெர்ட்ஸ், அதிலும் சேனல் அகலம் 20 மெகாஹெர்ட்ஸ் போதும். வேகம் குறைந்தாலும் எல்லாருக்கும் இலை கிடைக்கும்.

திரும்பும்போது வல்லம் வடகால் வழியாக வந்தேன். 2024 ஆகஸ்டில் முதலமைச்சர் திறந்துவைத்த விடுதி, 18,720 பேர் தங்க. பைக்கை நிறுத்தி ஜன்னல்களைப் பார்த்தேன். எத்தனை ஏ.பி. என்றுதான் எண்ண ஆரம்பித்தேன். எத்தனை படிக்கட்டு என்பதில் வந்து நின்றது.

நவம்பர் 18

வரைபடத்தைப் பார்த்த வார்டன் மேடம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். "எனக்கு ஒரு காப்பி குடுங்க தம்பி. ராத்திரியில யார் எங்க நிக்கிறாங்கன்னு தெரியும்ல."

இதில் ஆள் பெயர் இல்லை மேடம் என்றேன். பிரிண்டரில் மை இல்லை என்றும் சொன்னேன். முதலாவது நிஜம். அவர் சிரித்துக்கொண்டே போனை எடுத்து ஸ்கிரீனைப் படம் பிடித்துக்கொண்டார். அவரையும் குறை சொல்ல முடியவில்லை. ஏதாவது ஒன்று ஆனால் பெற்றவர்கள் கேட்பது அவரைத்தான். ஆனாலும் லேப்டாப்பை நான் மூடியிருக்கலாம்.

நவம்பர் 21

மழை. தூக்கம் வரவில்லை.

டிசம்பர் 3

தீபம். திருவண்ணாமலைப் பக்கத்துப் பெண்கள் ஊருக்குப் போய்விட்டார்கள். நெட் பறக்கிறது. முதலாளி எனக்கு நன்றி சொன்னார். நான் ஒன்றுமே செய்யவில்லை.

டிசம்பர் 6

52 ஏ.பி. கேட்டேன், முதலாளி 30க்குச் சம்மதித்தார். பட்டியலில் 28க்கு எதிரே அறை எண் எழுதியிருந்தேன். மீதி இரண்டின் எதிரே வெறும் கோடு.

"இது ரெண்டும் எங்கப்பா?"

"ஸ்பேர் சார்."

மொட்டை மாடிக் கதவில் புதுப் பூட்டு தொங்குகிறது. மழைக்காலம், வழுக்கும் என்கிறார்கள். வழுக்கத்தான் செய்யும்.

டிசம்பர் 9

பத்தே கால். மூன்றாம் மாடிப் படிக்கட்டுத் திருப்பம்வரை கேபிளை இழுத்துவிட்டேன். உட்கார இடமில்லாமல் நின்றுகொண்டே பேசுகிறார்கள். கூரையில் ஓட்டை போட்டாயிற்று. ஏ.பி. இன்னும் என் பைக்குள் இருக்கிறது.