அலைக்கு வழி காட்டியவர் வீடு திரும்பவில்லை!

ஹாலில் உட்கார்ந்தால் வீடியோ ஜோராக ஓடும். போனோடு பெட்ரூமுக்குள் போனால் வட்டம் சுற்ற ஆரம்பித்துவிடும். உடனே அப்பா எழுந்துபோய் ரௌட்டரின் கொம்புகளை அப்படி இப்படித் திருப்பி வைப்பார். பிள்ளைகள் சிரிப்பார்கள். சிரிக்க வேண்டாம். அந்தக் கொம்புகளுக்குப் பின்னால் ஒரு பெரிய கதை இருக்கிறது.

5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை அலையின் நீளம் சுமார் 6 சென்டிமீட்டர், ஒரு விரல் அளவுதான். இரண்டு ஆன்டெனாக்களில் இருந்து வரும் அலைகளின் மேடும் மேடும் ஓரிடத்தில் சேர்ந்தால் சிக்னல் கூடும். மேடும் பள்ளமும் சேர்ந்தால் ஒன்றை ஒன்று அழித்துவிடும். எனவே எந்த ஆன்டெனா முந்த வேண்டும், எது துளி பிந்த வேண்டும் என்று ரௌட்டர் கணக்குப் போடுகிறது. கணக்கு சரியாக அமைந்தால், மொத்த சக்தியைக் கூட்டாமலே, நான்கு ஆன்டெனாக்கள் சேர்ந்து போன் இருக்கும் இடத்தில் சிக்னலை நான்கு மடங்கு வரை உயர்த்த முடியும். இதற்குப் பெயர் பீம்ஃபார்மிங்.

இதை முதலில் செய்து காட்டியவர் ஃபெர்டினாண்ட் பிரவுன். பழைய டிவி பெட்டியின் பிக்சர் டியூபுக்கு மூலமான குழாயை 1897-ல் உருவாக்கிய அதே ஜெர்மன் பேராசிரியர். 1905-ல் மூன்று ஆன்டெனாக்களை முக்கோணமாக நிறுத்தி, ஒன்றின் அலையை மட்டும் சற்றுத் தாமதப்படுத்தினார். ஒரு பக்கம் அலை பலமாகவும், எதிர்ப்பக்கம் பலவீனமாகவும் போனது. ஆன்டெனா எதையும் அசைக்கவே இல்லை! 1909-ல் மார்க்கோனியோடு நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

திறந்தவெளியில் திசை தெரிந்தால் போதும். வீட்டுக்குள்தான் தலைவலி. சுவர், இரும்பு பீரோ, நிலைக்கண்ணாடி என்று எல்லாவற்றிலும் அலை மோதித் திரும்பும். போன் எங்கே இருக்கிறது என்று ரௌட்டருக்குத் தெரியாது. அதனால் அது போனிடமே கேட்கிறது. ஒரு சோதனை சிக்னலை அனுப்பும்; அது எப்படி வந்து சேர்ந்தது என்று போன் பதில் சொல்லும்; அதற்கேற்ப ரௌட்டர் அலைகளைத் திருத்திக்கொள்ளும். சுவரில் மோதி வரும் அலையும் இந்தக் கணக்கில் சேர்ந்துவிடும். யாராவது குறுக்கே நடந்தால் கணக்கு மாறும், மறுபடி கேட்க வேண்டும். இப்படிக் கேட்பதற்குப் பொதுவான ஒரே முறை 2013-ல் வந்த வைஃபை தரத்தில்தான் நிலைபெற்றது.

பிரவுன் அதையெல்லாம் பார்க்கவில்லை. முதல் உலகப்போர் தொடங்கிய 1914-ன் இறுதியில், ஒரு வயர்லெஸ் நிலையம் தொடர்பான காப்புரிமை வழக்கில் சாட்சி சொல்ல நியூயார்க்குக்குக் கப்பல் ஏறினார். வயது 64. போரால் திரும்ப முடியவில்லை. 1917-ல் அமெரிக்காவும் போரில் இறங்க, அந்த ஊரில் அவர் எதிரி நாட்டவர் ஆனார். புரூக்ளினில், மகன் வீட்டில் தங்கியிருந்தவர் 1918 ஏப்ரல் 20-ல் இறந்தார்.

ஏழே மாதத்தில் போர் முடிந்தது. அவர் பாடம் நடத்திய ஸ்ட்ராஸ்பர்க் நகரம் அதன் பிறகு பிரான்ஸின் கைக்குப் போனது.