மூன்று இஸ்பேட்

சீட்டாட்டம் என்றதும் முகஞ்சுளிக்கும் அன்பர்கள் நம்மிடையே பலர். சம்பள நாளன்று சீட்டுக்கட்டு எத்தனை வீடுகளின் அடுப்பை அணைத்தது என்பதைத் தோட்டப்புறத்தில் கண்டு வளர்ந்தவன் நான். அவர்களைக் குறை கூறேன். ஆயினும் நான் எழுதப் புகுவது காசு வைத்து ஆடும் ஆட்டத்தைப் பற்றியன்று. பிரிட்ஜ் ஆட்டத்தில் எழுந்த ஒரு கேள்வியைப் பற்றியும், அதனால் எட்டு மாதம் என்னோடு ஆடாதிருந்த என் அண்ணனைப் பற்றியும் எழுதுகின்றேன்.

அறியாதவர்க்காகச் சில சொற்கள். நால்வர் ஆடும் ஆட்டம் இது. எதிரெதிரே அமர்ந்த இருவர் ஒரு கட்சி. ஆளுக்கு 13 சீட்டு. முதலில் ஏலம். எந்த இனம் துருப்பு, எத்தனை பிடி எடுப்போம் என்பதை ஏலத்தில் கேட்க வேண்டும். ‘ஒன்று’ என்றால் ஏழு பிடி. ‘நான்கு’ என்றால் பத்து. ஆட்டினும் இஸ்பேட்டும் பெரிய இனங்கள். கேட்ட பிடி ஒவ்வொன்றுக்கும் 30. டைமனுக்கும் கிளாவருக்கும் 20 தான். ஒரே கேள்வியில் 100 எட்டினால் பெரும் வெகுமதி உண்டு. ஆகவே பெரிய இனத்தில் நான்குக்கு ஏறுவதா, கீழே நிற்பதா என்பதே பாதி ஆட்டம்.

சிங்கப்பூரிலும் இங்கும் மாணவர்கள் ஆடும் பிரிட்ஜ் வேறு. அதில் ஏலம் எடுத்தவர் ஒரு சீட்டின் பெயரைச் சொல்வார். அச்சீட்டை வைத்திருப்பவரே அவருடைய கூட்டாளி. யாரென்று ஆட்டத்தின் நடுவில்தான் வெளிப்படும். எங்கள் ஆட்டத்திலோ கூட்டாளி கண்ணெதிரே இருக்கிறார். அவர் மனத்தில் இருப்பதுதான் தெரியாது. வாய்திறந்து கேட்கவும் கூடாது, புருவத்தை உயர்த்தவும் கூடாது.

அண்ணன் எனக்குப் பதினோர் ஆண்டு மூத்தவர். அப்பா மறைந்தபோது பள்ளியை விட்டு, தோட்டத்து அலுவலகத்தில் சேர்ந்து கிராணியானார். நான் ஆசிரியர் பயிற்சி பெற்றது அவருடைய சம்பளத்தில். பிரிட்ஜை அவர் கற்றது சார்லஸ் கோரன் என்னும் அமெரிக்கர் எழுதிய தடித்த நூலிலிருந்து. அட்டை பிய்ந்த அந்நூலை அவர் படித்ததுபோல் நான் பாடநூலைப் படித்ததில்லை. ஏஸுக்கு 4, ராஜாவுக்கு 3, ராணிக்கு 2, ஜாக்கிக்கு 1 என்று புள்ளி எண்ணக் கற்றுத் தந்தவர் அவரே.

கோரன் முறையில், கூட்டாளி ‘ஒரு இஸ்பேட்’ என்று தொடங்க, நாம் தாவி ‘மூன்று இஸ்பேட்’ என்றால், “என்னிடம் நான்கு துருப்பும் பதின்மூன்றுக்குக் குறையாத புள்ளியும் உள்ளன, நான்குக்குப் போகாமல் நிற்காதே” என்று பொருள். நான் பயிற்சிக் காலத்தில் நண்பர்களிடம் கற்றதோ ‘ஏக்கால்’ முறை. இலண்டனில் ஒரு தெருவின் பெயரால் வழங்கும் முறை அது. அதில் அதே ‘மூன்று இஸ்பேட்’ வெறும் அழைப்பு. பத்திலிருந்து பன்னிரண்டு புள்ளி. “உன்னிடம் மிகுதி இருந்தால் ஏறு, இல்லையேல் நில்” என்பதே அதன் பொருள். சொல் ஒன்று, பொருள் இரண்டு. ஒரே வீட்டில் வளர்ந்தவர்கள்தானே என்று நாங்கள் அதைப் பேசித் தீர்க்கவேயில்லை.

1977-இல் ஈப்போவில் ஒரு போட்டி. எனக்கு 13 புள்ளி; ‘ஒரு இஸ்பேட்’ என்றேன். அண்ணன் ‘மூன்று இஸ்பேட்’ என்றார். என் கையில் மிகுதி ஏதுமில்லை, ‘பாஸ்’ என்றேன். அவர் சீட்டுகளைப் பரப்பியபோது 14 புள்ளி இருந்தது. பத்துப் பிடி எளிதாக வந்தது. நான்கு கேட்டிருந்தால் 620. எங்களுக்குக் கிடைத்தது 170. எல்லா மேசைகளும் அதே சீட்டுகளை ஆடும் போட்டி அது. மற்றவர் அனைவரும் நான்கில் இருந்தனர்.

“ஏன் தம்பி நின்றுவிட்டாய்?” என்று மெதுவாகத்தான் கேட்டார். நான், “உங்கள் முறை பழசு, அண்ணே! இப்போது யாரும் அப்படிக் கேட்பதில்லை” என்றேன். மேசையில் அந்நியர் இருவர் இருந்தனர். குரலையும் நான் தாழ்த்தவில்லை. அண்ணன் எஞ்சிய ஆட்டங்களைப் பிழையின்றி ஆடி முடித்தார். எல்லாருக்கும் தேநீர்க்காசு கொடுத்துவிட்டுப் புறப்பட்டார். அடுத்த வாரம் வரவில்லை. அதற்கடுத்த வாரமும் வரவில்லை. குடும்ப நிகழ்ச்சிகளில் பேசினார், என் பிள்ளைகளைத் தூக்கிக் கொஞ்சினார். சீட்டைப் பற்றி மட்டும் ஒரு சொல் இல்லை.

தீபாவளிக்குப் போனபோது அண்ணியார்தாம், “உங்கள் அண்ணன் இரவெல்லாம் ஏதோ புத்தகம் படிக்கிறார்” என்றார். மறுவாரம் மீண்டும் எதிரெதிரே அமர்ந்தோம். நான் ‘ஒரு இஸ்பேட்’, அவர் ‘மூன்று இஸ்பேட்’. அந்த எட்டு மாதத்தில் நான் கோரனைப் படித்துத் திருந்தியிருந்தேன். தயங்காது ‘நான்கு’ என்றேன். அவர் விரித்த கையில் பத்தே புள்ளி! அவர் ஏக்காலைப் படித்திருந்தார். ஒரு பிடி குறைந்து தோற்றோம். அண்ணன் கண்ணில் நீர்வரச் சிரித்ததை அன்றுதான் பார்த்தேன்.

மறுநாள் பள்ளிக் குறிப்பேடு ஒன்றில் கோடிட்டு, கிராணியின் கையெழுத்தில் எங்கள் உடன்பாடுகளை எழுதினார். முதல் வரி: மூன்று இஸ்பேட், நான்கு துருப்பு, 10 முதல் 12. வலுத்த கைக்கு ஆஸ்வால்டு ஜாக்கோபி வகுத்த ‘இரண்டு துருப்பின்மை’யை ஏற்றுக்கொண்டோம்; பெயர்தான் துருப்பின்மை, சொல்வதோ துருப்பு நிறைய உண்டு என்பதை. எதிரணி கேட்டால் எல்லாவற்றையும் விளக்கியாக வேண்டும். இவ்வாட்டத்தில் கமுக்க உடன்பாட்டுக்கு இடமில்லை. அண்ணனுக்கு அந்த விதி மிகவும் பிடிக்கும்.

அவர் 2011-இல் காலமானார். இப்போது என் கூட்டாளி, என்னிடம் படித்த ஒருவரின் மகள். அவள் ஆடுவது மார்ட்டி பெர்கன் வகுத்த முறை. மிதமான கைக்கு ‘மூன்று கிளாவர்’, அழைப்புக்கு ‘மூன்று டைமன்’. கிளாவருக்கும் டைமனுக்கும் அங்கே வேலையே இல்லை. ‘மூன்று இஸ்பேட்’ என்றால் துருப்பு நான்கு உண்டு, வலுவில்லை, எதிரியை மறிக்கவே தாவினேன் என்று பொருள். ஒன்பது துருப்பு சேர்ந்தால் ஒன்பது பிடி வரைக்கும் துணிந்து ஏறலாம் என்னும் கணக்கு இதற்கு அடிப்படை. பிரெஞ்சுக்காரர் ழான்-ரெனே வெர்ன் 1969-இல் எழுதிய கட்டுரையால் பரவியது. எளிய கை தாவுகிறது, வலிய கை மெல்ல நடக்கிறது. அண்ணன் கேட்டிருந்தால் தலையில் அடித்துக்கொண்டிருப்பார். பின்பு இரவெல்லாம் படித்திருப்பார்.

எல்லாவற்றையும் அதே குறிப்பேட்டில், அவருடைய வரிகளுக்குக் கீழே அவள் எழுதி வைத்திருக்கிறாள். ஆயினும் எதிரிலிருந்து ‘மூன்று இஸ்பேட்’ என்று கேட்டதும் என் கை தானே நான்குக்கு எழுகிறது. சென்ற மாதமும் ஏறி, மூன்று பிடி குறைந்து தோற்றேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. குறிப்பேட்டை எடுத்து, “ஐயா” என்று மட்டும் சொல்லி என் பக்கம் நகர்த்தினாள்.